இறுகிப்போன மொரிஸ் மைனர்: எஞ்சினும் பின்சில்லும் அசையவில்லை, உதவி தேவை

வெள்ளவத்தை மகள்:
அப்பாவின் 1959 மொரிஸ் மைனர், கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் தகரக் கொட்டிலுக்குள் ஆறு வருடமாக நிற்கிறது. உப்புக் காற்று சும்மா விடுமா? எஞ்சின் சுற்றவே மறுக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே விட்டிருந்தோம். வலப்பக்கப் பின்சில்லும் அசையவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், கியரில் போட்டு லொறியால் இழுத்தால் விட்டுக்கொடுக்கும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே ஒரு நட்டைக் கழற்றப் பார்த்தேன். 13 மில்லிமீற்றர் ஸ்பானர் வழுக்கி மூலைகள் மழுங்கிவிட்டன. இந்தக் கார் மறுபடி கொழும்பின் காலி வீதியில் ஓட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, தயவுசெய்து இழுக்க விடாதீர்கள். பிஸ்டன் வளையங்கள் கறள் பிடித்துச் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். லொறியின் பலத்துக்கு வளையம் முறியும், சுவரும் கீறுப்படும். ஸ்டார்ட்டரையும் தட்ட வேண்டாம்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். ஓட்டோமெட்டிக் கியர்களுக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் விடுங்கள். அசிட்டோன் பெயின்றை உரித்துவிடும், சட்டென்று தீப்பற்றும், கவனம். தினமும் சிறிது சேர்த்து ஒரு வாரமாவது ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடியைச் செருகி, கடிகார முள் திசையில் மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். ஓர் அங்குலம் அசைந்தாலே வெற்றிதான். அதற்கு முன் எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து வால்வுகளைப் பாருங்கள். ஒரு வால்வு ஒட்டியிருக்கும்போது சுற்றினால் அதன் தள்ளுகோல் வளைந்துவிடும்.

பஞ்சிகாவத்தை வாசகர்:
நட்டு மழுங்கியதற்குக் கறள் மட்டும் காரணம் அல்ல. மைனரின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், 13 மில்லிமீற்றர் ஸ்பானர் அதில் தளர்ந்துதான் நிற்கும். அங்குல அளவில், ஆறு முகம் கொண்ட சொக்கட் வாங்குங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்குங்கள். கறள் உடையும் சத்தம் கேட்டபின் எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

தெஹிவளை ஐயா:
பின்சில்லுக்கு டீசல் ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள் மகள். பிரேக் சிலிண்டரின் இறப்பர் டீசல் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, காரைத் தூக்கித் தாங்குகாலில் நிறுத்திச் சில்லைக் கழற்றுங்கள். பிரேக் டிரம்மின் முகத்துளை வழியே பிரேக்கைச் சரிசெய்யும் திருகாணி தெரிகிறதா பாருங்கள். அதைத் தளர்த்தினால்தான் உள்ளே இருக்கும் பிரேக் கட்டை பின்வாங்கும். டிரம்மைப் பிடிக்கும் இரு சிறு திருகாணிகளையும் எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை ஊதவே வேண்டாம். பழைய கட்டைகளில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி எறியுங்கள்.

வெள்ளவத்தை மகள்:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். டிரம் வந்துவிட்டது, கட்டை உள்ளே ஒட்டிக்கிடந்தது. ஐயாவுக்கு மிக்க நன்றி. எஞ்சின் நேற்று மாலை வரை அசையவில்லை. இன்று காலை தம்பியும் நானும் கைப்பிடியைப் பிடித்து அழுத்தியபோது டக்கென்று ஒரு சத்தம், கால் சுற்று போனது. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். இனி முழுச் சுற்றுக்குப் போகலாமா, அண்ணா?

கொட்டாஞ்சேனை அண்ணா:
அவசரம் வேண்டாம், தங்கச்சி. திரும்பவும் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். முழுதாகச் சுற்றியதும் பிளக் இல்லாமலே பல தடவை சுற்றி மீதியை வெளியேற்றுங்கள். கலவை கீழே இறங்கியிருக்கும்; எஞ்சின் ஒயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.