யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்று நீருக்கு விலை வைக்கலாமா?

கேள்வி: வலிகாமத்தான்

எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணறு மாரியில் நன்னீராகவே இருக்கிறது. ஆவணி பிறந்தால் வாயில் வைக்க முடியாதபடி உவர்த்து, வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. ஆறில்லாத குடாநாட்டில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழையே எங்களுக்குப் பெருமளவு நீர் தருகிறது. ஆயினும் இறைப்பவர் மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும்தான் செலவழிக்கிறார். நீருக்கென்று ஒரு சதமும் கொடுப்பதில்லை. பொருளியல் படிக்கும் என் மகள், மானி பூட்டிக் கட்டணம் அறவிட்டால் வீண் இறைப்புக் குறையும் என்கிறாள். இது நடைமுறைக்குச் சரிவருமா?

பதில்: கேணியடி

மகள் சொல்வதில் கோட்பாட்டளவில் பிழையில்லை. நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. (வெடிப்பும் குகையும் மலிந்த நம் பாறையில் அது அப்படியே பொருந்தாது.) ஆகவே ஒருவர் நீர்மட்டத்தைச் சற்று இறக்கினாலும் உவர் பன்மடங்கு மேலேறுகிறது, அந்த நட்டம் அயற்கிணற்றுக்காரர் தலையிலும் விழுவதால், இறைப்பவரின் கணக்குக்குள் அது முழுமையாக வருவதேயில்லை.

ஆனால் அறவிடுவது வேறு கதை. இலங்கையில் 1984இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் பராமரிப்புக் கட்டணம் கொண்டுவரப்பட்டது. வசூல் தேய்ந்துபோய்த் திட்டமே கைவிடப்பட்டது. வாய்க்கால் நீருக்கே அந்தக் கதி என்றால், வளவுக்கு வளவு உள்ள கிணறுகளில் மானி பார்க்கப் போவது யார்? 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், தமது முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தது லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கடல்நீர் புகுந்த ஒரு நிலத்தடி நீர்ப்படுகையைத்தான். அங்கே இறைத்தவர்களே நீதிமன்றத்தின் துணையோடு பங்கு பிரித்து, இறைக்கும் அளவைக் குறைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த வழியே உகந்ததாகப் படுகிறது.

பதில்: தரவை

கேணியடி ஐயா ஒன்றை விட்டுவிட்டார். லொஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் இறைப்பைக் குறைக்க முடிந்ததற்குத் தொலைவிலிருந்து வந்த ஆற்றுநீரும் ஒரு காரணம். நமக்கு அப்படி வரக்கூடியது கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீர். அதைக் கேட்டபோது கிளிநொச்சி நெற்செய்கையாளர் எதிர்த்ததில் நியாயம் இல்லாமலில்லை. மற்றது தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம். ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் தின்னும் நீரைக் குடிக்கலாம், வெங்காயத்துக்கு ஊற்றக் கட்டுபடியாகாது.

உவரை நாக்கு கண்டுபிடித்துவிடும், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் கலக்கும் நைத்திரேற்றை அது அறியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்குப் பரிந்துரைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். உரமும் மலக்குழிகளும் சேர்ந்து குடாநாட்டின் பல கிணறுகளை அதற்கு மேல் கொண்டுபோயிருக்கின்றன. உர மானியம் 1962 முதல் வெவ்வேறு வடிவங்களில் இருந்து வருவதால் கூடுதலாகப் போடுவது பழக்கமாகிவிட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்து, விளைச்சல் விழுந்ததும் அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். மானியத்தைப் படிப்படியாகக் குறைத்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திராது.

வலிகாமத்தான்:

இருவருக்கும் நன்றி. எங்கள் ஒழுங்கையில் ஆறு தோட்டங்கள் இருக்கின்றன. கையடக்க உவர்மானி ஒன்றை எல்லோருமாக வாங்கி, இறைப்புக்கு முன்னும் பின்னும் அளந்து ஒரே கொப்பியில் எழுதுவோமா என்று கேட்டுப் பார்த்தேன். நான்கு பேர் சம்மதித்தார்கள். மற்ற இருவரின் கிணறுகள்தான் ஆழமானவை.