கொரோனாக் காலத்து வன்னி: இன்னும் மறக்காத ஒரு ஆள், ஒரு கடை, ஒரு லொறி. எழுதுங்கோ

பரந்தன்_ஷட்டர்

நானே தொடங்குகிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதி ஓரமாக எனக்கு ஒரு உடுப்புக்கடை இருந்தது. 2020 மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு என்றார்கள். உள்ளே வருஷப்பிறப்பு வியாபாரத்துக்கு என்று கொழும்பில் பின்திகதி செக் கொடுத்து எடுத்த சாமான், கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. மிச்சத்தை நீங்களே யோசியுங்கள், எல்லோருக்கும் நடந்ததுதான்.

மறக்காதது கட்டடக்கார ஐயா. பிள்ளைகள் கனடாவில். மாதம் பிறந்தால் வாடகைக்குச் சைக்கிளில் வந்துவிடுவார். ஏப்ரலில் வரவில்லை. மேயில் வந்தார், வாடகை கேட்கவில்லை. "தம்பி, ஷட்டரை உயர்த்தும், பாப்பம்" என்றார். பிள்ளைகளின் சுகம் விசாரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரோரமாக ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை ஒட்டி வைத்து மெல்ல நடந்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. தேவாரமாக்கும் என்று நினைத்தேன். பதினெட்டாவது அடியில் நின்று கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

ஆள் கடையை அளந்திருக்கிறார். எனக்கு அது விளங்க ஒரு மாதம் பிடித்தது. நடுவே சுவர் வைத்து இரண்டாக்கினார். ஒரு பாதியில் பார்சல் அனுப்புகிற ஏஜென்சி வந்தது. முகநூலில் உடுப்பு விற்கிற பிள்ளைகளின் பொதிதான் அங்கே மலைபோலக் கிடக்கும். மற்றப் பாதியை எனக்கே தரலாமாம், பழைய வாடகையில் முக்கால் பங்குக்கு. முற்பணத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

நாச்சிக்குடா_வாடி

எங்களுக்குக் கொரோனா நண்டில்தான் வந்தது. நீலக்கால் நண்டு. கொம்பனிக்காரன் எடுத்து, பெண்பிள்ளைகளை வைத்து அவித்துச் சதை பிரித்து, அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புவான். எங்கள் தெருவில் யாருக்கும் அமெரிக்காவில் சொந்தம் இல்லை, ஆனால் எங்கள் அடுப்பு அந்த நாட்டை நம்பித்தான் எரிந்தது.

ஊரடங்குக்குப் பிறகும் கடலுக்குப் போக விட்டார்கள். வலையும் நிறைந்தது. நண்டு எடுக்கிற அண்ணை ஒருநாள் வந்து தராசைத் தூக்கவே இல்லை. "அங்க ரெஸ்டோரன்ட் எல்லாம் பூட்டு. குளிர் அறை முட்டி வழியுது. வேண்டாம்" என்றார். அம்மா கடகத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று கேட்டார்: "ஏன் தம்பி, அமெரிக்காக்காரன் வீட்டில நண்டு தின்னமாட்டானோ?"

அண்ணையிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தச் சதை வீட்டுச் சமையலுக்கு இல்லை, பெரிய பெரிய சாப்பாட்டுக் கடைகளுக்குத்தான் போகிறது என்பது எனக்கே பிறகுதான் தெரியும். அந்தக் கிழமை முழுக்க ஏற்றுமதித் தர நண்டு தின்றோம். மூன்றாம் நாள் தம்பி பருப்புக் கேட்டு அழுதான்.

குளத்தடி_வாத்தியார்

பரந்தன் தம்பிக்கு. ஐயாவை வில்லனாக்கிவிட்டீர். அவருக்கும் அந்த வாடகைதான் மருந்துக் காசாக இருந்திருக்கலாம், பிள்ளைகள் கனடாவில் என்றால் மாதம் மாதம் காசு வரும் என்று யார் சொன்னது? அங்கேயும் எத்தனை பேருக்கு வேலை போனது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. உம்முடைய வாடகை ஒப்பந்தம் எப்படி எழுதினது? கடைக்காரர் பாதிப்பேர் ஒரு கொப்பித் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், வெள்ளைக்காரன் போட்டது, இன்றைக்கும் அதுதான். எழுதும்போது மூன்று விஷயம் கேட்டுப் போடுங்கள். அரசாங்கம் கடையைப் பூட்டச் சொன்னால் அந்த நாட்களின் வாடகை என்ன ஆகும்? முற்பணத்தில் மாதா மாதம் கழிப்பதா, கடைசியில் முழுதாகத் திருப்புவதா? தவணைக்கு நடுவில் கட்டடத்தை மாற்றிக் கட்ட உரிமையாளருக்கு உரிமை உண்டா? மூன்றாவதைப் போட்டிருந்தால் ஐயா காலால் அளந்திருக்க மாட்டார். இன்னொன்று, வருஷப்பிறப்புச் சாமானை முழுதும் செக்கில் எடுக்கவே கூடாது. கால்வாசி காசு, கால்வாசி செக், மிச்சம் விற்றுத் தருகிற கணக்கு. என் மாமனார் அப்படித்தான் முப்பது வருஷம் கடை நடத்தினவர்.

என் அனுபவம் என்று பெரிதாக இல்லை. ரியூசன் கொட்டில் ஒன்று வைத்திருந்தேன். வாங்குகளில் கறையான் பிடித்துவிட்டது.

லொறி_மாங்குளம்

வாத்தியார் சொல்வது சரிதான், ஆனால் நொத்தாரிசு வந்து லொறியில் ஏறுவாரோ?

விசுவமடுவில் பப்பாசி ஏற்றித் தம்புள்ளைக்குப் போகிற ஆள் நான். றெட் லேடி இனம். நல்ல காய்களை அங்கிருந்து தரம் பிரித்து விமானத்தில் வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவார்கள். எங்கள் பழம் பயணிகள் போகிற பிளேனின் வயிற்றில்தான் போகிறது. சனம் பறந்தால் பழமும் பறக்கும். கட்டுநாயக்காவில் பயணிகள் விமானம் நின்றதும் பழமும் நின்றது. விலை விழுந்ததைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, தோட்டம் வைத்தவர்களே எழுதுவார்கள்.

எனக்கு மனசில் நிற்பது முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடி. கண்ணாடியில் ஊரடங்குப் பாஸ் ஒட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கு வந்தேன். முறிகண்டியில் நிற்காமல் போன வாகனம் உண்டோ? நிறுத்தினேன். ஒரு கச்சான் கடை இல்லை. ஒரு விளக்கு இல்லை. கச்சான் வறுக்கிற மணல் மணம் இல்லாமல் அந்த இடம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தேங்காய் வாங்கவும் இடம் இல்லை. லொறிக்குள் இருந்த ஒரு பப்பாசியை எடுத்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியாது.

ஒட்டுசுட்டான்_பெரிசு

எல்லோரும் கனக்க அழுகிறீர்கள். 2006 ஆகஸ்டில் சண்டையால் ஏ9 பூட்டினபோது நாங்கள் என்ன செய்தோம்? மண்ணெண்ணெயைப் போத்தில் கணக்கில் வாங்கி, அதிலேயே மோட்டார் சைக்கிள் ஓடினோம். பனடோலுக்கு ஆலாய்ப் பறந்தோம். அதைப் பார்த்த ஆட்களுக்கு மூன்று மாத ஊரடங்கு ஒரு பாரமோ?

நாச்சிக்குடா_வாடி

பெரியவர், நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அது வேறு, இது வேறு. அப்போது பாதை பூட்டு, சாமான் வரவில்லை. இருந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டோம். இந்த முறை பாதை திறந்திருந்தது, லொறி ஓடினது, நண்டும் பப்பாசியும் குவிந்து கிடந்தது. வாங்குகிறவன்தான் இல்லை. அவன் எங்கே இருக்கிறான், ஏன் வாங்கவில்லை என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. செல்லடி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரிந்தால்தானே பங்கருக்கு வாசல் வைக்கலாம்?

ஓமந்தை_வயல்

சண்டை பிடிக்காமல் என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். 2020 தையில் உழுந்து வெட்டி, நாலு மூட்டையை வீட்டு வாசலுக்கே வந்த வியாபாரிக்குக் கொடுத்தேன். வருஷா வருஷம் கொடுக்கிற விலைதான். பிறகு அரசாங்கம் டொலரைக் காக்க என்று உழுந்து, மஞ்சள், பயறு எல்லாவற்றின் இறக்குமதிக்கும் தடை போட்டது. அந்த ஐப்பசியில் அப்பாவின் ஆட்டத்திவசம். வடைக்கு உழுந்து இல்லை. டவுனில் போய் ஒரு கிலோ வாங்கினேன், நான் விற்ற விலையைப் போல மூன்று மடங்கு. கடைக்காரர் சாக்குக்குள் கைவிட்டு அள்ளிக் காட்டி, "நம்ம ஊர் உழுந்து அண்ணை, நம்பி வாங்கலாம்" என்றார். சாக்கின் மூலையில் நான் கட்டின நீல நைலோன் கயிறு.

ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்தேன்.

லைன்_நாலு

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல். கார்மென்ட் பிள்ளை. பெயர், இடம் கேட்காதீர்கள்.

ஊரடங்குக்கு முன்னமே, பெப்ரவரியிலேயே எங்களுக்குத் தெரியும் ஏதோ சரியில்லை என்று. சீனாவில் இருந்து துணி வரவில்லை, லைன் அரைநாள் சும்மா இருந்தது. துணி வந்தபோது வெளிநாட்டுக்காரன் ஓடரை நிறுத்திவிட்டான். பிறகு உள்ளாடை தைத்த அதே மெசினில் மாஸ்க் தைத்தோம். நான் காதுப்பட்டி பிடிக்கிற இடத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை என்று பலகையில் எழுதியிருக்கும், மூத்திரம் போகக் கூடப் பயம். அதெல்லாம் பழகினது.

ஒக்டோபரில் கொழும்புப் பக்கத்து மினுவாங்கொடையில் கார்மென்ட் பிள்ளைகளுக்குக் கொரோனா வந்துவிட்டது என்று செய்தி வந்தது. அவர்கள் எங்கே, நாங்கள் எங்கே. ஆனால் அடுத்த நாள் காலையில் இருந்து ஊருக்கு நாங்கள்தான் நோய். பஸ் விடியப்புறம் ஐந்தேகாலுக்கு வரும். அதற்கு முன் சந்தியில் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீ குடிப்பேன். அன்றைக்கு நூறு ரூபா கொடுத்தேன். கடைக்கார மாமா சின்னனில் என்னைத் தூக்கினவர். மிச்சக் காசை ஒரு சிரட்டையில் போட்டு, நீட்டிய கையோடு தள்ளி நின்று தந்தார்.

சிரட்டை. நம்ம சனத்துக்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை. கொரோனாவுக்குத்தான் என்று அவர் நினைத்திருப்பார். எங்கள் அம்மம்மா இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பா?

சம்பளம் வெட்டினதும், வாசலில் வைத்துக் காய்ச்சல் பார்த்ததும் மறந்துபோச்சு. இது போகவில்லை.

குளத்தடி_வாத்தியார்

பிள்ளை, மனம் கனத்துப்போச்சு. சுகாதார விதிப்படி காசைத் தட்டில் வைத்துக் கொடுக்கலாம், அது பிழை இல்லை, ஆனால் பாத்திரம் எது என்று யோசித்திருக்க வேண்டும். அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லலாம், கிராம சேவையாளர் மூலமாக ஒரு...

லொறி_மாங்குளம்

வாத்தியார், விடுங்கோ.

தங்கச்சி, இப்பவும் அந்தக் கடையிலதான் குடிக்கிறனீரோ?

லைன்_நாலு

ஓம் அண்ணா. அந்த நேரத்துக்கு வேறு கடை திறக்காதே. இரவே சில்லறையை எண்ணித் தனியாக மடித்து வைத்துக்கொள்வேன், மிச்சம் வராத மாதிரி.