புதுப்பிப்பு: அப்பாவுக்கு அடுத்த கீமோ தொடங்கிவிட்டோம்

வயிற்றுப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிய அப்பாவுக்கு, முதலில் கொடுத்த கேப்சிடபின், ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்துகள் பலன் தராமல் போனபின் இரண்டாவது வரிசை கீமோவுக்கு, அதாவது அடுத்த கட்ட மருந்துக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இப்போது பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து மட்டும் ஏறுகிறது. வாரம் ஒரு முறை, மூன்று வாரம். நான்காவது வாரம் ஓய்வு. நீங்கள் சொன்ன ராமுசிருமாப் (கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் மருந்து) பற்றியும் டாக்டரிடம் பேசினேன். 2014-ல் வெளியான ரெயின்போ என்ற மருந்து ஆய்வில் இரண்டும் சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 9.6 மாதம், பாக்ளிடாக்சல் மட்டும் என்றால் 7.4 மாதம். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்த விலைக்கு நிலத்தை விற்க வேண்டும். கூடவே கூடாது என்றார் அப்பா. அவர் முடிவுதான் சரி என்று நினைக்கிறேன். ஹெர்2 என்ற புரதம் கட்டியில் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் நெகட்டிவ் என்பதால், அதைக் குறிவைக்கும் மருந்துகளும் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை செய்யவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

பெரிய தொந்தரவு பாதம்தான். ஆக்சாலிப்ளாட்டின் விட்டுப்போன மரப்பை பாக்ளிடாக்சல் கூட்டுகிறது. மன்னார்குடிப் பக்கத்து விவசாயி, வெறுங்காலோடு வரப்பில் நடந்தே பழகியவர். முள் குத்தினாலும் இப்போது தெரிவதில்லை. கீமோவால், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு குறைந்திருக்கும்போது சின்னக் காயமும் ஆபத்து. அதனால் சம்பா நடவைக் கரையில் நின்று, செருப்போடு பார்க்கிறார். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல், ராத்திரியானாலும் தஞ்சாவூருக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள்.

தீபாவளிக்கு முன் ஸ்கேன். வந்ததும் எழுதுகிறேன்.