யார் வீட்டுக் குஞ்சு? (குழு: நங்கநல்லூர் நம்ம குடும்பம்)

விஜி அத்தை: [படம்]
பால்கனியில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. சரியாகப் பறக்கத் தெரியவில்லை. கல்யாணி அண்ணி, உங்கள் கூண்டில் எல்லாம் இருக்கிறதா பாருங்கள்

கார்த்தி: எங்களுடையது இல்லை அத்தை

விஜி அத்தை: குஞ்சு பொரித்திருக்கிறது என்று நீதானே சொன்னாய்

கார்த்தி: ஆமாம். எத்தனை என்று பார்க்கவில்லை

கல்யாணி பெரியம்மா: கூண்டைத் திறந்து விடும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை விஜி

பெரியப்பா: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

ராமு சித்தப்பா: யாரும் கை வைக்காதீர்கள். அலகு என்ன நிறம்?

நித்யா: கறுப்பு மாமா. உடம்பு காப்பிப்பொடி நிறம்

கார்த்தி: அப்படியென்றால் எங்களுடையதாகவும் இருக்கலாம். எங்கள் கூண்டில் இருக்கும் ஸீப்ரா ஃபிஞ்ச் குஞ்சுக்கும் அலகு கறுப்புதான், வளர்ந்த பிறகுதான் ஆரஞ்சு ஆகும்

ராமு சித்தப்பா: அலகை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. வாலைப் பாருங்கள். ஸீப்ரா என்றால் வால் குட்டை, அதன் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை குஞ்சிலேயே தெரியும். உடம்பிலும் சாம்பல் கலந்திருக்கும். பட்டை இல்லாமல் மேலே ஒரே பழுப்பு, வயிறு மட்டும் வெளிறியிருந்தால் நம் ஊர்ச் சில்லை, தானியம் தின்னும் சின்னப் பறவை. புள்ளிச் சில்லைக்கு மார்பில் செதில் செதிலாக இருக்குமே என்று கேட்காதீர்கள். அது வளர்ந்த பறவைக்கு. குஞ்சுக்கு ஒரு புள்ளியும் இருக்காது.

நித்யா: பட்டை இல்லை

செல்வம் மாமா: திங்கள் பெயிண்டர் வருகிறார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று

கல்யாணி பெரியம்மா: வளைகாப்புக்குச் சாதம் ஐந்தா ஏழா? சமையல்காரர் கேட்கிறார்

விஜி அத்தை: ஏழு

கல்யாணி பெரியம்மா: நம் வீட்டில் ஐந்துதான் வழக்கம்

விஜி அத்தை: சுபாவுக்கு ஏழு செய்தீர்களே

கல்யாணி பெரியம்மா: அது சம்பந்தி வீட்டார் கேட்டது

கார்த்தி: சித்தப்பா, எங்கள் கூண்டில் பெங்காலீஸ் ஃபிஞ்ச் ஒரு ஜோடியும் இருக்கிறதே. அதன் குஞ்சாக இருந்தால்?

ராமு சித்தப்பா: நல்ல கேள்வி. பெங்காலீஸே வெண்முதுகுச் சில்லை வம்சம்தான். ஜப்பானில் கூண்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்து உண்டாக்கியது. ஆனால் உன் ஜோடி வெள்ளையும் பழுப்பும் திட்டுத் திட்டாக இருக்கும். குஞ்சுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். நித்யா, அது இறக்கையை விரிக்கும்போது வால் தொடங்கும் இடத்தைப் பார். வெள்ளை தெரிந்தால் காட்டு வெண்முதுகுச் சில்லையாக இருக்கலாம். வெண்தொண்டைச் சில்லைக்கும் அங்கே வெள்ளைதான், ஆனால் உடம்பு வெளிறிய மணல் நிறமாக இருக்கும். இறக்கையில் வெளிறிய கோடு இரண்டு இருந்தால் சிவப்புச் சில்லை.

விஜி அத்தை: அண்ணா, சுருக்கமாகச் சொல்லேன்

நித்யா: வெள்ளையும் இல்லை, கோடும் இல்லை

ராமு சித்தப்பா: அப்படியானால் புள்ளிச் சில்லை, இல்லையென்றால் கருந்தலைச் சில்லை. இந்த இரண்டின் குஞ்சையும் பிரிப்பதுதான் பெரிய பாடு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கப் பெரிய கேமராவோடு நிற்பவர்களே வெறுமனே 'சில்லைக் குஞ்சு' என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். யார் வந்து ஊட்டுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வழி. பக்கத்தில் கூடு ஏதாவது?

செல்வம் மாமா: மல்லிக்கொடியில் புல் குப்பை ஒன்று இருக்கிறது. துடைப்பத்தால் தட்டலாம் என்றிருந்தேன்

ராமு சித்தப்பா: ஐயோ மாப்பிள்ளை, அதுதான் கூடு! பந்து மாதிரி, பக்கவாட்டில் வாசல் வைத்து. கருந்தலைச் சில்லை நாணலும் உயரமான புல்லும் உள்ள ஈரநிலத்தில் கட்டும். வீட்டுக் கொடிக்கு வருவது பெரும்பாலும் புள்ளிச் சில்லை

கல்யாணி பெரியம்மா: பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கூட்டைக் கலைக்கக் கூடாது

செல்வம் மாமா: அப்போது பெயிண்ட்?

விஜி அத்தை: இட்லி பிசைந்து வைத்தேன், தொடவில்லை. ஃபில்லரில் தண்ணீர் விடவா

ராமு சித்தப்பா: வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்

கார்த்தி: கொஞ்ச நாள் நான் கூண்டில் வைத்துக்கொள்கிறேனே

விஜி அத்தை: மொட்டை மாடியே உங்களுக்கு வந்தது. இடத்துக்கு என்ன குறை

ராமு சித்தப்பா: இடம் பிரச்சினை இல்லை விஜி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆஸ்திரேலியாவின் ஸீப்ரா ஃபிஞ்சைக் கடையில் வாங்கி வளர்க்கலாம், நம் ஊர்ச் சில்லையை அடைத்தால் குற்றம்

கல்யாணி பெரியம்மா: உங்கள் அண்ணன் கிளி வளர்த்தபோது எந்தச் சட்டம் வந்தது. அது எப்படிப் பறந்தது என்று விஜியைக் கேளுங்கள்

விஜி அத்தை: மறுபடியும் அந்தக் கிளியா

நித்யா: இரண்டு வந்திருக்கின்றன! ஒன்று கம்பியில். முகம் செம்பழுப்பு, மார்பெல்லாம் செதில். குஞ்சு தலையைத் தாழ்த்திக் கழுத்தைத் திருகி வாயைப் பிளக்கிறது. பெரியது அதன் வாய்க்குள் அலகை விட்டுக் கக்குகிறது

ராமு சித்தப்பா: புள்ளிச் சில்லை. சந்தேகமே இல்லை. வீடியோ எடு

கார்த்தி: 👏👏

ராமு சித்தப்பா: அவை நகர்ந்ததும் குஞ்சை எடுத்துக் கொடியில் வைத்துவிடு. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா. கீழ்வீட்டுப் பூனைதான் பயம்

பெரியப்பா: அதன் பெயர் முத்து

கார்த்தி: எதன் பெயர் அப்பா?

பெரியப்பா: கிளி

செல்வம் மாமா: பால்கனியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிக்கச் சொல்லலாமா? அதற்குத் தனியாக இன்னொரு நாள் என்றால் கூலி கேட்பார்

விஜி அத்தை: நீங்களே பேசுங்கள்

செல்வம் மாமா: அவரை அனுப்பியது ராமுதானே

ராமு சித்தப்பா: நித்யா, வீடியோ வரவில்லை

கல்யாணி பெரியம்மா: சமையல்காரர் லைனில் இருக்கிறார். ஐந்தா ஏழா?