விபி6-இல் இருந்து டாட்நெட்டுக்குப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மன்னார்குடிக்காரன்:

எங்கள் பக்கத்து ரைஸ் மில் ஒன்றில் நெல் வரவு, எடை, ஈரப்பதக் கழிவு, பில் எல்லாமே விபி6-இல், அதாவது விஷுவல் பேசிக் 6 என்ற பழைய புரோகிராமிங் மொழியில் எழுதியது. மைக்ரோசாஃப்ட் 1998-இல் வெளியிட்ட அந்த விபி6 எடிட்டருக்கு 2008 ஏப்ரலோடு சப்போர்ட் முடிந்துவிட்டது. ஆனாலும் எழுதிவைத்த புரோகிராம் விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. முதலாளி சொன்னதும் அதுதான்: "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" மகன் ஸ்டாக்கை போனில் பார்க்கவேண்டும் என்று கேட்ட பிறகுதான் சம்மதித்தார். அதுவும் தை அறுவடைக்குள் முடிக்கவேண்டும், மூட்டை வர ஆரம்பித்தால் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

புதிதாக எழுதியது சி ஷார்ப் மொழியில், மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 8 தளத்தில்; டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஸ்கிரீன்களைத் திரும்ப எழுதுவது பெரிய வேலையாக இல்லை. விவசாயிகளின் பெயர்கள்தான் உயிரை எடுத்தன. எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன; அது ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டும் பழைய முறை. எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் இருக்கும், இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடில் பின்னால் வரவேண்டும். 'கோ'வில் கொம்பும் காலும் இரு பக்கமும் பிரிந்து கிடக்கும், அதை ஒரே குறியாகச் சேர்க்கவேண்டும். ஊர்ப் பெயரில் பாதி கோட்டை, கோயில், கொல்லை. கேட்கவா வேண்டும்!

அடுத்தது ரவுண்டிங். 37.6 கிலோ கழிவை இன்டிஜரில் (முழு எண்ணில்) போட்டால் விபி6 அதை 38 ஆக்கும். சி ஷார்ப்பில் நேரடியாக காஸ்ட் செய்தால் (வகை மாற்றினால்) புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டுப்பட்டு 37தான். இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கணக்குப்பிள்ளைதான் கண்டுபிடித்தார். கன்வெர்ட் ஃபங்ஷன் போட்டதும் பழைய கணக்கே வந்தது. ஒரு கிலோதானே என்று நினைக்காதீர்கள், விவசாயி பழைய சீட்டை மடியிலேயே வைத்திருப்பார்.

எடைமேடையிலிருந்து எடையை வாங்க, டாட்நெட்டில் சீரியல் போர்ட் லைப்ரரியைத் தனியாகச் சேர்க்கவேண்டும். எடை, ஸ்கிரீனை நடத்தும் த்ரெட்டில் (வேலை ஓட்டத்தில்) வராமல் வேறொரு த்ரெட்டில் வந்து விழும், நேராக டெக்ஸ்ட்பாக்ஸில் எழுத முடியாது. மற்றபடி தொல்லை இல்லை.

கும்பகோணம் பாத்திரக்கடை:

நாங்கள் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளிலிருந்து பிரௌசரில் ஓடும் பில்லிங்குக்கு மாறினோம். டேட்டா சுலபமாக வந்துவிட்டது, என்டர் கீதான் வம்பு. பழையதில் என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். பிரௌசரில் படிவமே சமர்ப்பிக்கப்பட்டுவிடும். எங்கள் பெரியவர் பித்தளைக் குடத்துக்கு எடை மட்டும் போட்டு, விலையே இல்லாமல் பில் அடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பழக்குவதைவிட என்டரை மாற்றி எழுதுவது சுலபம் என்று பட்டது. எழுதிவிட்டேன்.

திருவாரூர் வாசி:

நான் இன்னும் விபி6-ஐ விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில்) வைத்துத்தான் ஓட்டுகிறேன். குறுவை முடியட்டும், பார்க்கலாம். மன்னார்குடி அண்ணே, அந்த பாமினி-யூனிகோடு மாற்று அட்டவணையைக் கொஞ்சம் அனுப்புவீர்களா? என்னிடமும் ஒரு டேபிள் நிறைய பாமினிப் பெயர்கள்தான் இருக்கின்றன.