36 வாரம், தலை கீழே, ஆனா பின்மண்டை அம்மா முதுகுப் பக்கம்: வீட்ல என்ன செய்யலாங்க?

கோபி_அக்கா:
தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். ஸ்கேன்ல குழந்தையோட பின்மண்டை அம்மாவோட முதுகெலும்புப் பக்கம் இருக்குதுன்னு எழுதியிருக்காங்க. பக்கத்து வூட்டு ஆத்தா வயித்தை நீவித் திருப்பறேங்கறாங்க, விளக்கெண்ணெயும் குடிக்கச் சொல்றாங்க. செய்யலாங்களா?

ஈரோடு_பிரசவ_செவிலி:
ரெண்டுமே வேண்டாங்க. வயித்தை அழுத்தித் திருப்பப் போனா நஞ்சுக்கொடி கருப்பையை விட்டுப் பிரிஞ்சு ரத்தப்போக்கு ஆகலாம். விளக்கெண்ணெய் குழந்தையைத் திருப்பாது. வயித்தால போயி உடம்புல தண்ணி வத்தும்.

இப்பவே பயப்பட ஒண்ணுமில்லைங்க. இப்படி இருக்கற குழந்தைகள்ல பெரும்பாலானது வலி நடக்கறப்பவே திரும்பிக்கும். கடைசி வரைக்கும் திரும்பாம பொறக்கறது 100க்கு 5லிருந்து 8 வரைக்குந்தான். தாடை நெஞ்சுல படற மாதிரி தலை நல்லாக் குனிஞ்சு வந்தா சுமார் 9.5 செ.மீ. அளவுதான் இடுப்பெலும்புக்குள்ள நுழையும். இந்த நிலையில தலை சரியாக் குனியாம 11.5 செ.மீ. வரைக்கும் வரும். அதனாலதான் வலி நேரம் நீளுது, அடி முதுகு கடுக்குது.

பிசியோ_திருப்பூர்:
கயித்துக் கட்டில்லயும் மெத்துன்னு அமுங்கற சோபாவுலயும் ரொம்ப நேரம் உக்காந்தா இடுப்பு பின்னால சரியும், முதுகுவலி கூடும். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ இருக்கற மாதிரி உக்காரச் சொல்லுங்க. ஜிம் பால் (மேல உக்கார்ற பெரிய காத்துப் பந்து) வாங்கறதா இருந்தா அவங்க உயரத்துக்குத் தக்க அளவாப் பாத்து வாங்குங்க. டைல்ஸ் தரையில வழுக்கும், கீழ பாய் விரிச்சு ஆள் பக்கத்துல இருக்கணும். தூங்கறப்ப ஒருக்களிச்சுத்தான் படுக்கணும்.

கை, முழங்கால் ஊன்றி இடுப்பை ஆட்டற பயிற்சியைப் பத்தி நிறையப் பேர் சொல்லுவாங்க. 37 வாரத்துலிருந்து தினமும் 2 தடவை, 10 நிமிஷம் செஞ்சவங்களை வெச்சு ஆஸ்திரேலியாவுல நடத்தின பெரிய ஆய்வு 2004ல வந்துச்சு. பொறக்கறப்ப குழந்தை இருந்த நிலை அதனால மாறலை. முதுகுக்கு இதமா இருந்தா செய்யட்டும், செய்யாம உட்டா தப்பில்லை.

ஈரோடு_பிரசவ_செவிலி:
ஆமாங்க, வலி வந்த பொறகு செய்யறதுதான் முக்கியம். மல்லாக்கப் படுக்க உடாதீங்க. கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போற ரத்தம் குறையும். நடக்கட்டும். வலி வர்றப்ப சுவத்துலயோ கட்டில் விளிம்புலயோ முன்னால சாயட்டும். முதுகு கடுத்தா கூட இருக்கறவங்க உள்ளங்கை அடியால வால் எலும்புக்கு மேல இருக்கற தட்டை எலும்பை, வலி முடியற வரைக்கும் ஊன்றி அழுத்தணும். தேய்க்கறதைவிட அழுத்தறதுதான் கேக்கும்.

ஒரு காலைத் தாழ்வான முக்காலி மேல வெச்சு, அந்தப் பக்கமா இடுப்பைச் சாச்சு நாலஞ்சு வலி பொறுத்துப் பாத்துட்டு, அடுத்த காலுக்கு மாத்தலாம். 2 மணி நேரத்துக்கு ஒருக்கா ஒண்ணுக்குப் போகணும். மூத்திரப்பை நெறஞ்சிருந்தா தலை இறங்காது. எபிடூரல் (வலி தெரியாம இருக்க முதுகுல போடற மருந்து) போட்டிருந்தா ஒருக்களிச்சு, முழங்காலுக்கு நடுவுல தலகாணி.

குழந்தை இந்த நிலையில இருந்தா முக்கணும்னு சீக்கிரமே தோணும். கர்ப்பவாய் முழுசாத் திறக்கறதுக்கு முன்னால முக்கினா அது வீங்கிக்கும். மண்டி போட்டு, நெஞ்சைச் சாச்சு, இடுப்பைத் தூக்கிட்டு, வாயால மூச்சை ஊதி உடச் சொல்லுங்க.

கோபி_அக்கா:
பனிக்குடம் வூட்லயே உடைஞ்சா?

ஈரோடு_பிரசவ_செவிலி:
உடனே ஆஸ்பத்திரிங்க. தண்ணி பச்சையா இருந்தாலும், ரத்தம் போனாலும், அசைவு குறைஞ்சாலும் அதே அவசரந்தான். தொப்புள்கொடி வெளிய தெரிஞ்சா, மேல சொன்ன மாதிரியே மண்டி போட வெச்சு 108ஐக் கூப்பிடுங்க. கொடியைத் தொட்டு உள்ள தள்ள வேண்டாம்.