ஆப்போசிட் லாக்: ‘எதிர்ப்பூட்டு’ பொருந்துமா?

> ராலி கார்ப் பந்தய ஓட்டுநர் வளைவில் ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பும் ஆப்போசிட் லாக்குக்கு ‘எதிர்ப்பூட்டு’ எனலாமா?

‘பூட்டு’ வேண்டாம் ஐயா. இங்கே லாக் என்பது ஸ்டியரிங் திரும்பும் அளவு, எதுவும் பூட்டிக்கொள்வதில்லை. சக்கரம் நிஜமாகவே பூட்டிக்கொள்ளும் இடம் வேறு: கொண்டை ஊசி வளைவில் ஹைட்ராலிக் கைப்பிரேக்கை இழுத்ததும் பின்சக்கரங்கள் சுழலாமல் சறுக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் பயிற்சிக் குறிப்பு குழம்பிவிடும்.

‘எதிர்’ என்பதும் இடிக்கிறது. இடப்பக்க வளைவில் பின்பகுதி வலப்பக்கம் வீசினால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்புகிறோம். வளைவுக்கு அது எதிர்தான். ஆனால் முன்சக்கரங்கள் பார்ப்பது கார் அப்போது போய்க்கொண்டிருக்கும் திசையை. கேஸ்டர் கோணத்தால் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) ஸ்டியரிங் தானாகவே அந்தப் பக்கம் ஓடப் பார்க்கும். பிடியைத் தளர்த்தி ஓடவிட்டு உரிய இடத்தில் பிடிப்பது பாதி வேலை. கடினமான பாதி, விடுவிப்பு. பின்பகுதி வீசுவது அடங்கத் தொடங்கும்போதே ஸ்டியரிங்கை நேராக்கிவர வேண்டும். தாமதித்தால், டயருக்குப் பிடி கிடைத்த கணத்தில் கார் மறுபக்கம் சாட்டையாய்ச் சுழலும். முதல் சறுக்கலைவிட இது வேகமானது. ஸ்டியரிங் உச்சியில் நிறப்பட்டை ஒட்டுவதும் இதற்குத்தான்: நேர்நிலை எது என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை ‘ஈடுதிருப்பம்’. சறுக்கும் அளவுக்கு ஈடாகத் திருப்பி, அது குறையக் குறைய விடுவது.

‘எதிர்த்திருப்பம்’ வீணாகாது, ஸ்காண்டிநேவியன் ஃபிளிக்கின் முதல் அசைவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். இடப்பக்க வளைவு வருமுன், சறுக்கலே இல்லாத நிலையில், ஸ்டியரிங்கைச் சட்டென்று வலப்பக்கம் திருப்புவார்கள். உடனே ஆக்சிலரேட்டரை விட்டோ இடக்காலால் பிரேக்கைத் தொட்டோ எடையை முன்னே தள்ளி, பின்பகுதி இலேசானதும் இடப்பக்கம் வெட்டுவார்கள். ஊசல்போலப் பின்பகுதி வீசும். ஈடுதிருப்பம் அதற்குப் பிறகே வருகிறது. இரண்டையும் ‘எதிர்’ என்றால் எது முந்தியது என்றே தெரியாது.

> குறைதிருப்பத்திலும் (அண்டர்ஸ்டியர்: திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாத நிலை) ஓட்டுநர் ஈடுசெய்கிறாரே? ‘ஈடுதிருப்பம்’ அதையும் குறிக்காதா?

குறிக்காது. குறைதிருப்பத்தில் முன்டயர்கள் பிடியின் எல்லையைத் தாண்டிவிட்டன. இன்னும் திருப்பினால் இன்னும் நேராகத்தான் போகும். அங்கே செய்வது ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கி, ஆக்சிலரேட்டரைக் குறைத்து, முன்பக்கம் எடை ஏற்றுவது. அதைத் ‘தளர்த்தல்’ என்றாலே போதும்.

கூட்டுச்சொல்லில் வைத்தும் பார்த்தேன். ஈடுதிருப்பக் கோணம் முன்சக்கரத்தில் 12 பாகை என்று கொள்வோம். 15:1 விகித ஸ்டியரிங்கை (15 பாகை சுற்றினால் சக்கரம் 1 பாகை திரும்பும்) அதற்கு 180 பாகை சுற்ற வேண்டும்; கை மாற்றாமல் முடிவது அரிது. 10:1 என்றால் 120 பாகைதான், ஒன்பது மணி–மூன்று மணிப் பிடியிலேயே ஆகிவிடும். ராலி காருக்கு விரைவு ராக் (ஸ்டியரிங் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் பற்சட்டம்) பொருத்துவது இதனால்தான். ‘எதிர்ப்பூட்டுக் கோணம்’ என்று எழுதினால், பூட்டிய சக்கரத்துக்கு ஏது கோணம் என்று எந்த மெக்கானிக்கும் கேட்பார்.